தான மாட்டின் பல்லையும் பிடிச்சுப் பார்க்கணும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. மாடு விஷயத்துல அது மரியாதை. ஷேர் மார்க்கெட் டேட்டா விஷயத்துல மட்டும் பல்லைப் பார்த்தே ஆகணும்ங்கறது என் கட்சி. ஓசியில கிடைக்கிற பழைய விலைகளை வச்சு டிரேடிங் சிஸ்டம் சோதிக்கிறதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்கா :)

மார்க்கெட் பக்கமே வராத நண்பர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். எப்போ வாங்கணும், எப்போ விக்கணும்னு முன்கூட்டியே எழுதி வச்ச விதிகளுக்குப் பேர்தான் டிரேடிங் சிஸ்டம். "விலை ஐம்பது நாள் சராசரிக்கு மேல போனா வாங்கு, கீழ வந்தா வித்துடு" அப்படின்னு சொன்னா அது ஒரு சிஸ்டம். இதே விதியைப் பத்துப் பதினைஞ்சு வருஷத்துப் பழைய விலைகள் மேல ஓட்டி, "அப்போ இப்படிச் செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"னு பார்க்கறது பேக்டெஸ்ட். எக்செல் தெரிஞ்ச எந்த பி.காம். பசங்களும் ஒரு ராத்திரியில பண்ணிடலாம். கஷ்டமே இல்லை. அதுதான் பிரச்சினையும்.

ஏன்னா, இன்னைக்கு நம்ம வயசுப் பசங்களுக்கு சிஸ்டம் விக்கிறவங்க எல்லாரும் காட்டுறது ஒரு பேக்டெஸ்ட் ரிப்போர்ட்டைத்தான். இடது மூலையில ஆரம்பிச்சு வலது மூலை வரைக்கும் ஏணி மாதிரி ஏறுற ஒரு கோடு. அதைப் பார்த்துட்டு செமஸ்டர் ஃபீஸை எடுத்துப் போடலாமான்னு யோசிக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே இருக்காங்க. செபி 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பக்கம் வந்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல. அவங்கள்ல 93% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல. இத்தனை பேரும் கண்ணை மூடிட்டு இறங்கியிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை. நிறைய பேர் ஏதோ ஒரு ஏணிக் கோட்டைப் பார்த்து நம்பித்தான் இறங்கியிருப்பாங்க.

அந்தக் கோடு எதுல இருந்து வருது? டேட்டாவுல இருந்து. அப்போ டேட்டா எங்க இருந்து வருதுன்னு கேட்கணுமில்லையா?

ஓசியில கிடைக்கிறது ரெண்டு வகை. ஒண்ணு, எக்ஸ்சேஞ்சே தர்ற பாவ்காப்பி. 'பாவ்'னா இந்தியில விலை. ஒவ்வொரு நாளும் வர்த்தகம் முடிஞ்சதும், அன்னைக்கு எந்தெந்தப் பங்கு என்ன விலையில தொடங்கி என்ன விலையில முடிஞ்சது, எத்தனை கை மாறிச்சுன்னு என்.எஸ்.இ. ஒரு ஃபைல் போடும். ரெண்டாவது, யாஹூ ஃபைனான்ஸ், கூகுள் ஃபைனான்ஸ் மாதிரி இடங்கள்ல கிடைக்கிற, ஒரே கம்பெனிக்கு இருபது வருஷம் வரிசையா அடுக்கின டேட்டா. முதல் வகை முரட்டுச் சரக்கு. ரெண்டாவது வகை சமைச்சு, பரிமாறி, இலையில வச்ச சாப்பாடு. எல்லாரும் ரெண்டாவதுக்குத்தான் போறாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தானே போவாங்க.

இப்போ பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம்.

முதல் பல்: இல்லாத சரிவு

2023 ஜூலை 20. ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ்ல இருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிஞ்ச நாள். முந்தின நாள் என்.எஸ்.இ.யில ரிலையன்ஸ் முடிஞ்ச விலை 2841.85 ரூபாய். அன்னைக்குக் காலையில நடந்த சிறப்பு அமர்வுல வந்த விலை 2580. வித்தியாசம் 261.85. சுமார் 9% சரிவு! ஆனா கையில பங்கு வச்சிருந்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அந்த 261.85 தான் ஜியோ ஃபைனான்ஷியலோட விலைன்னு கணக்கிட்டு, ஒரு ரிலையன்ஸ் பங்குக்கு ஒரு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு கொடுத்தாங்க. சட்டையில இருந்த ரூபாயை எடுத்து பேன்ட் பாக்கெட்ல வச்ச கதை.

இதைச் சரி செய்யாத டேட்டாவுல "5% இறங்கினா வித்துடு"ங்கற சிஸ்டம் அன்னைக்கு வித்துட்டு ஓடிப் போயிருக்கும். "பெரிய சரிவுல வாங்கு"ங்கற சிஸ்டம் பாய்ஞ்சு வாங்கியிருக்கும். நடக்காத ஒரு விபத்துக்கு ரெண்டு சிஸ்டமும் ஆக்‌ஷன் எடுக்குது. போனஸ், ஸ்ப்ளிட் நாட்கள்லயும் இதே கதைதான். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தா விலை பாதியாகும், பங்கு இரட்டிப்பாகும். பாவ்காப்பியில விலை பாதியானது மட்டும்தான் தெரியும்.

ரெண்டாவது பல்: எதிர்காலத்துல இருந்து வந்த விலை

"அதுக்குத்தானே யாஹூ மாதிரி இடங்கள்ல போனஸ், ஸ்ப்ளிட் எல்லாம் கழிச்சு சரி பண்ணின விலை தர்றாங்க?"ன்னு கேட்பீங்க. சரிதான். ஆனா அந்தச் சரி பண்ணின விலையில வேற ஒரு வம்பு இருக்கு.

இன்ஃபோசிஸை எடுத்துக்கோங்க. 2004ல ஒரு பங்குக்கு மூணு போனஸ். அப்புறம் 2006, 2014, 2015, 2018னு நாலு தடவை ஒன்றுக்கு ஒன்று. பெருக்கிப் பாருங்க: 4 x 2 x 2 x 2 x 2 = 64. அதாவது 2004 ஆரம்பத்துல வாங்கின ஒரு பங்கு, 2018க்கு அப்புறம் 64 பங்கு. அப்போ அது ஐயாயிரம் ரூபாய் அளவுல கை மாறின பங்கு. சரி பண்ணின டேட்டாவுல அதே நாள்ல எழுபது, எண்பது ரூபாய்னு காட்டும்.

"நூறு ரூபாய்க்குக் கீழ இருக்கிற பங்குகளை மட்டும் வாங்கு"ன்னு ஒரு சிஸ்டம் எழுதினா என்ன ஆகும்? அது 2004ல இன்ஃபோசிஸை வாங்கிடும். நிஜத்துல அன்னைக்கு நூறு ரூபாயை வச்சுக்கிட்டு இன்ஃபோசிஸ் பக்கம் எட்டிக் கூடப் பார்த்திருக்க முடியாது. இதுல இன்னொண்ணு கவனிங்க. தொடர்ந்து போனஸ் கொடுக்கிறது பெரும்பாலும் நல்லா வளர்ந்த கம்பெனிதான். அதனால சரி பண்ணின டேட்டாவுல "பழைய மலிவு விலை"ங்கறதே "இது பின்னால பெரிய ஆளா வரும்"னு காதுல சொல்ற ரகசியம் ஆயிடுது. பரீட்சைக்கு முன்னாடியே கொஸ்டீன் பேப்பர் அவுட் :)

மூணாவது பல்: செத்தவங்க கணக்குல இல்லை

இதுதான் கடைவாய்ப் பல். எனக்குப் பெருசா படுறது இதுதான்.

தமிழ்நாட்டுத் தனியார் வங்கிகள்னு ஒரு பட்டியல் போட்டு, "விலை நல்லா இறங்கும்போது வாங்கு, ஏறினதும் வித்துடு"ன்னு ஒரு சிஸ்டம் சோதிக்கிறோம்னு வச்சுக்கோங்க. இன்னைக்கு லிஸ்ட்ல யார் இருக்காங்க? 1904ல கும்பகோணத்துல தொடங்கின சிட்டி யூனியன் வங்கி. 1916ல கரூர்ல தொடங்கின கரூர் வைஸ்யா வங்கி. 1921ல தூத்துக்குடியில தொடங்கின, எங்க நெல்லைப் பக்கம் எல்லாருக்கும் பழக்கமான தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி (இது பங்குச்சந்தைக்கே 2022 செப்டம்பர்லதான் வந்தது). எல்லாம் நல்லா நிக்கிற வங்கிகள். இறங்கினப்போ வாங்கியிருந்தா பெரும்பாலும் லாபம்னுதான் ரிசல்ட் வரும்.

பட்டியல்ல ஒரு பேர் விட்டுப் போச்சு. கரூர்ல 1926ல தொடங்கின லட்சுமி விலாஸ் வங்கி. 2017ல அதோட பங்கு நூறு ரூபாய்க்கு மேல வித்தது. அப்புறம் இறங்கிச்சு. இன்னும் இறங்கிச்சு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதிச்சது. 2020 நவம்பர் 17 அன்னைக்கு மாரடோரியம், டெபாசிட்தாரர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாது. அப்போ பங்கு விலை பதினைஞ்சு ரூபாய் அளவுல இருந்தது. நவம்பர் 27ல இருந்து வங்கி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோட இணைஞ்சது. டெபாசிட் போட்டவங்க பணம் தப்பிச்சது. பங்கு மூலதனம்? முழுசா தள்ளுபடி. பங்கு வச்சிருந்தவங்களுக்குக் கிடைச்சது பூஜ்யம்.

நூறுல இருந்து பூஜ்யம் வரைக்குமான இந்தப் பாதையில நம்ம சிஸ்டம் என்ன செஞ்சிருக்கும்? எண்பதுல "வாங்கு". ஐம்பதுல "வாங்கு". இருபதுல "இன்னும் வாங்கு". ஆனா இன்னைய லிஸ்ட்டை வச்சு சோதிச்சா இந்தப் பேரே வராது. சிஸ்டம் தோத்த இடம் மட்டும் கச்சிதமா அழிஞ்சு போயிருக்கும்.

கற்பனையா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிஸ்டம் பத்து பங்குல பத்தாயிரம் பத்தாயிரமா போடுது. எட்டு பங்கு 25% ஏறுது, ரெண்டு பங்கு பூஜ்யமாகுது. உயிரோட இருக்கிற எட்டை மட்டும் பார்த்தா 80,000 போட்டு 20,000 லாபம். 25%! ரெண்டையும் சேர்த்தா? லாபம் 20,000, நஷ்டம் 20,000. கையில மிஞ்சுறது ஒண்ணும் இல்லை, புரோக்கரேஜும் எஸ்.டி.டி.யும் கட்டினது தனி. டேட்டாவுல ஒரு விலை கூடத் தப்பு இல்லை. ஆனாலும் முடிவு முழுப் பொய்.

வெள்ளம் போகும்போது தாமிரபரணியை நீந்திக் கடந்தவங்களை மட்டும் படித்துறையில உட்கார வச்சு, "ஆறு எப்படிண்ணே?"ன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? "கஷ்டம்தான், ஆனா கடந்துடலாம் தம்பி"ம்பாங்க. எல்லாரும் உண்மையைத்தான் சொல்றாங்க. கரை சேராதவங்க கிட்ட யாரும் கேட்கலை, அவ்வளவுதான்.

"நான் சின்னக் கம்பெனி பக்கம் போகவே மாட்டேன், நிஃப்டி 50 மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கு ஒரு செய்தி. 2009 ஜனவரி 7 அன்னைக்கு ராமலிங்க ராஜு கடிதம் வெளியாகி, 179 ரூபாய் அளவுல இருந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஒரே நாள்ல 40 ரூபாய்க்கு வந்தது. அன்னைக்கு அது நிஃப்டியிலயும் சென்செக்ஸ்லயும் இருந்த கம்பெனி. ஜனவரி 12ல நிஃப்டியில அதோட இடத்துக்கு வந்தது ரிலையன்ஸ் கேப்பிடல். அந்த ரிலையன்ஸ் கேப்பிடலோட நிர்வாகக் குழுவை 2021 நவம்பர்ல ரிசர்வ் வங்கி கலைச்சது. 2024ல கம்பெனி லா டிரிப்யூனல் ஒப்புதல் கொடுத்த தீர்வுத் திட்டத்துல பழைய பங்குதாரர்களுக்கு ஒண்ணும் மிஞ்சலை. போனவரும் போனார், அவர் இடத்துக்கு வந்தவரும் போனார். இன்னைய நிஃப்டி பட்டியலை எடுத்து 2009க்குப் போய் சோதிச்சா ரெண்டு பேரும் இருக்க மாட்டாங்க.

அதுக்குப் பதிலா யார் இருப்பாங்க? 2024 செப்டம்பர்ல டிரெண்ட் நிஃப்டிக்குள்ள வந்தது. பல மடங்கு ஏறினதுக்கு அப்புறம்தான் வந்தது. "நிஃப்டி பங்குகள்ல மட்டும்தான் சோதிச்சேன்"னு சொல்லி, அது நிஃப்டியில இல்லாத வருஷங்களோட ஏற்றத்தையும் சேர்த்துக் காட்டினா, அதுக்குப் பேர் சோதனையா?

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். பட்டியல்ல இருந்து மறைஞ்சவங்க எல்லாரும் செத்தவங்க இல்லை. பேங்க் ஆஃப் மதுரா 2001ல ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோட இணைஞ்சது, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு கிடைச்சது. யு.டி.ஐ. வங்கி 2007ல ஆக்ஸிஸ் வங்கின்னு பேர் மாத்திச்சு, அவ்வளவுதான். அதனால மறைஞ்ச பேரைப் பார்த்ததும் பூஜ்யம் போட்டுடக் கூடாது. ஒவ்வொண்ணா என்ன ஆச்சுன்னு தேடணும். அந்தத் தேடல்தான் யாருமே பண்ணாத வேலை.

நாலாவது பல்: இருந்தும் எட்டாத விலை

2009 மே 18, திங்கட்கிழமை. சனிக்கிழமை தேர்தல் முடிவு வந்திருந்தது. சந்தை திறந்த உடனே மேல் சர்க்யூட், வர்த்தகம் நிறுத்தம். மறுபடி திறந்தாங்க, மறுபடி சர்க்யூட், அன்னைக்கு முழுக்கக் கடை அடைப்பு. சென்செக்ஸ் 2110.79 புள்ளி ஏறினது, 17%க்கு மேல. வாங்கணும்னு நினைச்ச பெரும்பாலானவங்க வேடிக்கைதான் பார்த்திருப்பாங்க. ஆனா எக்செல் ஷீட்டுக்கு அது தெரியாது. தொடக்க விலையில நிதானமா வாங்கினதா எழுதிக்கும்.

2012 அக்டோபர் 5 இதுக்குத் தலைகீழ். எம்கே குளோபல் நிறுவனத்துல இருந்து தவறுதலா போன 650 கோடி ரூபாய் அளவு ஆர்டர்களால நிஃப்டி கண் இமைக்கிற நேரத்துல 15%க்கு மேல விழுந்து 4888.20ஐத் தொட்டுட்டு, வர்த்தகம் நின்னு, திரும்ப மேல வந்துடுச்சு. அன்னைக்குக் குறைந்தபட்ச விலைன்னு அது இன்னும் டேட்டாவுல இருக்கு. "முந்தின நாள் விலைக்கு 10% கீழ ஆர்டர் போட்டு வை"ங்கற சிஸ்டத்துக்கு அந்த ஒரு நாள்லயே ஜாக்பாட். அந்த ஒரு நாளை எடுத்துட்டா சிஸ்டம் நிக்குமான்னு பாருங்க.

இவ்வளவு ஏன், முடிவு விலையையே எடுத்துக்கோங்க. நம்ம வரலாற்று டேட்டாவுல பல வருஷமா 'குளோஸ்'னு பதிவாகியிருக்கிறது கடைசியா நடந்த வர்த்தகத்தோட விலை கிடையாது. கடைசி அரை மணி நேர வர்த்தகங்களோட எடையிட்ட சராசரி. அதனாலதான் பாவ்காப்பியில 'குளோஸ்', 'லாஸ்ட்'னு ரெண்டு பத்தி இருக்கு. "குளோஸ்ல வாங்கினேன்"னு பேக்டெஸ்ட் சொல்றப்போ, யாருமே வாங்காத ஒரு விலையில கூட அது வாங்கியிருக்கலாம்.

சரி, காசு கொடுத்து வாங்கினா?

"ஓசி டேட்டான்னா அப்படித்தான், காசு கொடுத்து வாங்கினா சுத்தமா இருக்கும்"னு ஒரு வாதம் வரும். பாதி சரி. அமெரிக்காவுல சிகாகோ பல்கலைக்கழகத்துல 1960லயே இதுக்குன்னு ஒரு மையம் தொடங்கினாங்க, சி.ஆர்.எஸ்.பி.ன்னு பேர். செத்துப் போன கம்பெனிகளையும் விடாம சேர்த்து வச்சது அதோட பெரிய பெருமை. உலகம் முழுக்க ஃபைனான்ஸ் ஆராய்ச்சி பண்றவங்க அதை நம்பித்தான் இருந்தாங்க. 1997ல டைலர் ஷம்வேன்னு ஒருத்தர் ஒரு கட்டுரை எழுதினார். நொடிச்சுப் போய்ப் பட்டியல்ல இருந்து நீக்கப்பட்ட பல கம்பெனிகளுக்கு அந்தக் கடைசி நஷ்டம் அந்த டேட்டாவுலயே பதிவாகலைன்னு காட்டினார். அவ்வளவு காசும் கவனமும் போட்ட இடத்துலயே விட்டுப் போனது எது பாருங்க. அங்கயும் செத்தவங்க கணக்குதான்.

ஆகவே ஓசியா காசாங்கறது என் கேள்வி கிடையாது. என் கண்ணுக்குக் குற்றவாளி வசதி. நல்லா யோசிச்சா நம்ம கையில கிடைக்கிறதுலயே நேர்மையான டேட்டா அந்த ஓசி பாவ்காப்பிதான். 2015ல போட்ட பாவ்காப்பியைத் திறந்தா லட்சுமி விலாஸ் வங்கி அன்னைய விலையோட அப்படியே உட்கார்ந்திருக்கும். அதுக்குத் தன்னோட எதிர்காலம் தெரியாது. அதுதான் அதோட கற்பு :)

நமக்கு முதல் வருஷம் அக்கவுண்டன்சியில என்ன சொல்லிக் கொடுத்தாங்க? குறிப்பேடு நடந்தது நடந்தபடி, நடந்த தேதியில எழுதுறது. பேரேடு அதுல இருந்து பிரிச்சு எடுத்து எழுதுறது. பேரேட்டுல சந்தேகம் வந்தா குறிப்பேட்டைப் பார்க்கணும். தப்பா எழுதினதைக் கூட அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவுதான் போடணும். பாவ்காப்பி சந்தையோட குறிப்பேடு. வரிசையா அடுக்கின அந்த அழகான சார்ட் பேரேடு, அதுவும் கடன் தீர்க்காத கணக்குகளைக் கிழிச்சுட்ட பேரேடு. எந்த ஆடிட்டராவது அதுல கையெழுத்துப் போடுவாரா?

பாவ்காப்பியில கஷ்டம் இருக்கு, மறுக்கலை. ஒவ்வொரு நாள் ஃபைலா இறக்கணும். 2024 ஜூலையில ஃபைல் வடிவத்தையே மாத்தினாங்க. போனஸ், ஸ்ப்ளிட், டீமெர்ஜர், பேர் மாற்றம் எல்லாம் நாமே ஒட்டணும். ஆனா ஒட்டுறப்போதான் ஒவ்வொரு கம்பெனிக்கும் என்ன நடந்துச்சுன்னு தெரியுது. அந்த அறிவு எந்தச் சிஸ்டத்தையும் விட மதிப்பு ஜாஸ்தின்னு நான் நினைக்கிறேன்.

அதுக்கெல்லாம் நேரம் இல்லைங்கறவங்களுக்கு ஒரே ஒரு விதி. வசதியா கிடைக்கிற டேட்டாவுல இருக்கிற பெரிய ஓட்டைகள், வாங்கி வைக்கிற சிஸ்டத்துக்கு, அதுவும் இறங்கும்போது வாங்குற சிஸ்டத்துக்கு, சாதகமாவே சாயுது. அதனால அந்த டேட்டாவுலயே ஒரு சிஸ்டம் தோத்தா, யோசிக்காம தூக்கிப் போடலாம். ஜெயிச்சா, இன்னும் ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம். நிராகரிக்க ஓசி டேட்டா போதும். நம்பிக் காசு போடப் போதாது.

யாராவது ஏணிக் கோடு காட்டினா மூணே மூணு கேள்வி கேளுங்க. "எந்தத் தேதியோட பங்குப் பட்டியலை வச்சு சோதிச்சீங்க? அதுல இருந்து காணாமப் போன கம்பெனிகளுக்கு என்ன விலை போட்டீங்க? லாபத்துல மேல இருக்கிற அஞ்சு நாளை எடுத்துட்டா கோடு எப்படி இருக்கும்?" பதில் வந்தா உட்கார்ந்து பேசலாம். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது தம்பி"ன்னு வந்தா, அந்த செமஸ்டர் ஃபீஸை ஃபீஸாவே கட்டிடுங்க.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை கிடையாது. செபியில பதிவு பெற்ற ஆலோசகரும் நான் கிடையாது. அடுத்த பதிவுல, எக்செல்ல போனஸ் சரிக்கட்டுறது எப்படின்னு படிப்படியா எழுதலாம்னு இருக்கேன். பரீட்சை முடியட்டும்!